இருமத் தெரியாத பாம்பு



நோயுற்ற மனிதனைப் பற்றிப் பேசுவோர் பலர். நோயுற்ற ஆட்டையும் மாட்டையும் பற்றிப் பேசுவதற்கும் ஆள் உண்டு. இன்று நான் நோயுற்ற பாம்பைப் பற்றிப் பேசப் போகிறேன். ‘பாம்புக்கு ஏது நோய்? பாம்பினால் அன்றோ நமக்குத் துன்பம்!’ என்று உங்களில் சிலர் நகைக்கக் கூடும். அந்த நகைப்பை நான் குறை கூற மாட்டேன். 1988-ஆம் ஆண்டில் ஒரு வகுப்பறையில் அதே நகைப்பை எழுப்பியவன் நான்தான். அதற்கு ஓர் உயிர் விலையாயிற்று. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். ஊருக்கு மேற்கே சுவர் எழுப்பியது போல் ஏலமலை நிற்கிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் ஏலத் தோட்டங்கள். நாள்தோறும் விடியற்காலையில் எங்கள் ஊர் மக்கள் ஜீப்புகளில் ஏறி அத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வார்கள், மாலையில் திரும்புவார்கள். அப்பொழுது நான் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியன். ஆசிரியப் பயிற்சி முடித்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எனக்கு மிகுதியாக இருந்த காலம் அது.

மார்கழி மாதத்தில் ஒரு நாள், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பைக்குள் மூன்றடி நீளமுள்ள மலைப்பாம்புக் குட்டி ஒன்று இருந்தது. மலைச்சரிவில் விறகு பொறுக்கச் சென்ற இடத்தில் கிடைத்ததாம். எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆய்வறையின் மூலையில் கிடந்த மீன் தொட்டியில் ஈர மணலைப் பரப்பி, அதனுள் பாம்பை விட்டு, தகரப் பலகையால் மூடி, மேலே செங்கல் வைத்தேன். அம்மூலை வெயிலே படாத வடக்கு மூலை. வகுப்பு வகுப்பாக மாணவர்கள் வந்து பார்த்தார்கள். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்கள். நானும் தடுக்கவில்லை.

ஏழெட்டு நாள் சென்றபின் பாம்பு வாயைத் திறந்து திறந்து மூடலாயிற்று. “பாருங்கள், சீறுகிறது” என்று வகுப்பில் விளக்கினேன். மூக்குத் துளையில் சிறு குமிழிகள் தோன்றின. “சினத்தினால் நுரை தள்ளுகிறது” என்றேன். அது தலையை நிமிர்த்திக் கண்ணாடியில் சாய்த்து வைத்துக்கொண்டது. “தப்பிச் செல்ல வழி பார்க்கிறது” என்றேன். அப்பொழுது, அதைக் கொண்டு வந்த மாணவன் மெல்ல எழுந்து நின்றான்.

“ஐயா, எங்க அப்பத்தாவுக்கு இழுப்பு வந்தா இப்படித்தான் தலையைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கும். பாம்புக்கும் இழுப்புங்களா?”

“பாம்புக்கு ஏதப்பா இழுப்பு? வேண்டுமானால் உன் அப்பத்தாவின் கஷாயத்தைக் கொண்டு வந்து ஊற்றிப் பார்” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் தலை குனிந்து உட்கார்ந்தான். பதினோராம் நாள் காலையில் பாம்பு, தலையைக் கண்ணாடியில் சாய்த்தபடியே, இறந்து கிடந்தது.

அந்தச் சிறுவன் கண்டதே உண்மை. நான் கண்டது என் பாடநூலில் இருந்த பாம்பு. அவன் கண்டது தொட்டியில் இருந்த பாம்பு. பல ஆண்டுகள் கழிந்து, ஊர்வன உயிர்களின் நோய்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தபொழுதுதான் அது எனக்கு விளங்கிற்று. அன்று விளங்கியதையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்துள்ளேன்.

முதலில் பாம்பு எவ்வாறு மூச்சு விடுகிறது என்பதை அறிதல் வேண்டும். நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் என்னும் தசைத் திரை உண்டு. அது சட்டென்று இயங்குவதனாலேயே நாம் வலிமையுடன் இருமுகிறோம். நெஞ்சில் தேங்கிய சளியை வெளியே தள்ளுகிறோம். பாம்புக்கு அத்திரை இல்லை. அது விலா எலும்புகளை அசைத்தே காற்றை இழுக்கிறது, விடுகிறது. அதன் நுரையீரலோ உடலின் பெரும்பகுதி வரை நீண்டு கிடக்கும் ஒரு பை. பெரும்பாலான பாம்புகளில் இடப்பக்க நுரையீரல் மிகச் சிறுத்திருக்கும், அல்லது அறவே இராது. மலைப்பாம்பு இனத்தில் இரண்டும் உண்டு. ஆயினும் வலப்பக்கத்ததே பெரியது. முன்பகுதி தேனடை போல் அறை அறையாக அமைந்து, குருதிக் குழாய்கள் நிறைந்திருக்கும். பின்பகுதி வெறும் காற்றுப் பை. இத்தகைய நீண்ட பையில் சளி சேர்ந்தால் அது எவ்வழி வெளியேறும்? பாம்பினால் நம்மைப்போல் இரும முடியாது. சளி அங்கேயே தங்கும்; நாளடைவில் தயிர்க்கட்டி போல் இறுகும். ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதைப் போல நீர்த்திராமல், கெட்டியாகவே அமைவது இயல்பு. இறுகிய சீழுக்குள் மருந்தும் எளிதில் புகாது.

தலையை ஏன் நிமிர்த்தியது என்பது இப்பொழுது உங்களுக்கே புலப்படும். தேங்கிய சளி மூச்சுக் குழலை அடைக்காதிருக்க வேண்டுமானால், தலை மேலே இருத்தல் வேண்டும். அது தப்பிச் செல்ல வழி பார்க்கவில்லை. காற்று வர வழி பார்த்தது. பாம்பின் மூச்சுக் குழல் வாயின் அடித்தளத்தில், நாக்கின் உறைக்குச் சற்றுப் பின்னே திறக்கிறது. அத்துளையைச் சுற்றிக் கோழை கட்டினால், வாயைத் திறந்து மூச்சு விடுவதன்றி வேறு வழியில்லை.

இனி, அந்நோய் ஏன் வந்தது என்பதைப் பார்ப்போம். கிருமி தனியாக எங்கிருந்தோ வந்து தாக்கியது என்று எண்ணிவிடாதீர்கள். சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் முதலிய பாக்டீரியங்கள் நலமுள்ள பாம்பின் வாயிலும், அதன் தண்ணீரிலும், மணலிலும் எப்பொழுதும் இருப்பவையே. உடலின் காவல் வலுவாக உள்ளவரை அவை அடங்கிக் கிடக்கும். காவல் தளரும்பொழுது தலை தூக்கும். பாம்பின் காவலைத் தளர்த்துவது பெரும்பாலும் குளிர்.

நம் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்பின் உடலோ வெளியிலிருந்தே வெப்பத்தைப் பெறுகிறது. செரித்தல், வளர்தல், கிருமியோடு போராடுதல் ஆகிய யாவும் அந்த வெப்பத்தைச் சார்ந்தே நடைபெறும். மலைச்சரிவில் வாழும் மலைப்பாம்பு குளிர்ந்த காலையில் வெயில் படும் பாறை மீது கிடக்கும். வெப்பம் மிகுந்தால் புதருக்குள் செல்லும். பனியிரவில் முள்ளம்பன்றியின் வளைக்குள்ளும் புகுந்து கொள்ளும். இடத்தைத் தேர்ந்துகொள்வதே அதற்குப் போர்வையும் விசிறியும் ஆகும். நான் அதைத் தொட்டிக்குள் அடைத்தபொழுது எடுத்துக்கொண்டது அதன் விடுதலையை மட்டுமன்று; வெப்பத்தைத் தேர்ந்துகொள்ளும் வழியையும் எடுத்துக்கொண்டேன்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் மிஷிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ க்ளூகர் என்பவரும் அவருடைய தோழர்களும் 1975-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாலைவன ஓணான்களுக்கு ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்தி, அவற்றை 34 டிகிரி முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தார்கள். வெப்பம் மிகுந்த இடத்தில் இருந்தவை மிகுதியாகப் பிழைத்தன. குளிர்ந்த இடத்தில் இருந்தவை மிகுதியாக இறந்தன. அவ்வோணான்கள் நோயுற்றபொழுது தாமே வெப்பமான இடத்தை நாடிச் செல்கின்றன என்பதும் அறியப்பட்டது. நமக்குக் காய்ச்சல் உடம்பினுள்ளே எழுகிறது. ஓணான் தன் காய்ச்சலைத் தேடிக் காலால் நடந்து செல்கிறது! ஆனால் ஒன்றை மறவாதீர்கள். 42 டிகிரி என்பது பாலைவன ஓணானுக்கு உரியது. மலைப்பாம்பை அவ்வெப்பத்தில் வைத்தால் அதுவே கொன்றுவிடும். ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் அளவு உண்டு.

குளிருக்குத் துணை நிற்கும் காரணங்கள் வேறு சிலவும் உண்டு. காற்றோட்டமில்லாத அடைப்பு, எப்பொழுதும் ஈரமாகக் கிடக்கும் தரை, அச்சம், பட்டினி, நெடும்பயணம் ஆகியவை அவை. இவை யாவும் ஒன்றுசேரும் காலம் எது? பாம்பு புதிதாக ஒரு வீட்டிற்கு வந்து சேரும் காலமே. ஆதலால்தான், புதிதாக வந்த பாம்புக்கு மூச்சு நோய் மிகுதியாக வருகிறது.

இக்காலத்தில் வெளிநாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்கும் வழக்கம் நம் நாட்டு நகரங்களில் தோன்றியுள்ளது. அவற்றுள் பெரிதும் விரும்பப்படுவது பந்துப் பாம்பு எனப்படும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு. அஞ்சினால் தலையை உள்ளே வைத்துப் பந்து போல் சுருண்டு கொள்வதால் அதற்கு அப்பெயர். அது நஞ்சற்றது, நான்கைந்து அடி வளர்வது. அவற்றுள் பல முறையாக வளர்ப்பிடங்களில் பிறந்தவை; பல கள்ளத்தனமாகக் கடத்தி வரப்பட்டவை. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பாங்காக்கிலிருந்து பெங்களூரு விமான நிலையத்தில் வந்து இறங்கிய ஒரு பெட்டியில் 78 விலங்குகளைச் சுங்க அதிகாரிகள் கண்டெடுத்தார்கள். அவற்றுள் 55 பந்துப் பாம்புகள், 17 கருநாகங்கள், 6 குரங்குகள். குரங்குகள் ஆறும் இறந்து கிடந்தன. துணிப்பைக்குள் நெருக்கி அடைக்கப்பட்டு, விமானத்தில் பல மணி நேரம் பயணம் செய்த பாம்பு எத்தகைய உடல்நிலையில் வந்திறங்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அது வெளிப்பார்வைக்கு அமைதியாகக் கிடக்கும். அந்த அமைதி நலத்தின் அடையாளம் அன்று.

இங்கே மற்றொரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். என் பழைய மாணவர் ஒருவருக்குப் போடிமெட்டிற்கு அப்பால், பூப்பாறைப் பக்கத்தில் ஏலத் தோட்டம் உண்டு. அவருடைய மகள் பெங்களூரில் கல்லூரியில் பயில்பவள். முறையான பதிவுச் சீட்டுடன் ஒரு பந்துப் பாம்பை வாங்கியிருந்தாள். விடுமுறைக்கு வந்தபொழுது, வாங்கி மூன்று வாரமே ஆகியிருந்த அதனையும் தோட்டத்து வீட்டிற்குக் கொண்டு வந்தாள். மழையும் மூடுபனியும் சூழ்ந்த மார்கழி. மின்சாரம் இரவில் அடிக்கடி நின்றது. கூண்டின் வெப்ப விளக்கும் உடன் நின்றது. ஆறாம் நாள் மாலையில் தொலைபேசியில் அழைத்தாள்.

“தாத்தா, அப்பாதான் உங்களைக் கேட்கச் சொன்னார். என் பாம்பு மூச்சு விடும்போது ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. சட்டை உரிக்கப் போகிறதோ, அதனாலா?”

நல்ல கேள்வி. சட்டை உரிக்கும் காலத்தில் மூக்குத் துளையில் பழந்தோல் ஒட்டிக்கொண்டு மெல்லிய விசில் ஒலி எழுவதுண்டு. உரித்து முடிந்ததும் அது நின்றுவிடும். சீறுதலும் நோயன்று, ஆளைக் கண்டு எழுவது, ஆள் விலகியதும் அடங்கும். இரை எடுக்காமையை மட்டும் கொண்டும் முடிவு செய்யலாகாது. பந்துப் பாம்பு நலமாக இருக்கும்பொழுதே சில மாதங்கள் உண்ணாதிருக்கும். ஆதலால் நான் அவளிடம் வேறு கேள்விகளைக் கேட்டேன். அவற்றையே நோயின் அறிகுறிகளாக நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

யாரும் அருகில் இல்லாதபொழுதும் வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா? மூக்கிலோ உதட்டோரத்திலோ குமிழி உண்டா? வாய்க்குள் எச்சில் நூல் போல இழைகிறதா? தலையை மேலே தூக்கியபடியே ஓய்வு கொள்கிறதா? தொண்டை புடைத்துள்ளதா? மூக்குத் துளையில் காய்ந்த பொருக்கு ஒட்டியுள்ளதா? உடல் எடை குறைந்துள்ளதா? இவற்றுள் ஒன்றே இருந்தால் உற்று நோக்கிக் காத்திருக்கலாம். ஆனால் நெடுநாள் அன்று. இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் காத்திருத்தல் தவறு.

அப்பெண் கிழமைதோறும் பாம்பை நிறுத்து எழுதி வைத்திருந்தாள். வாங்கிய நாளில் 1,240 கிராம். அன்று 1,165 கிராம். குமிழி இருந்தது. எச்சில் நூல் இருந்தது. “விடியட்டும், மலையை விட்டு இறக்கு” என்றேன். துணிப்பையில் பாம்பை இட்டு, காற்றுத் துளையுள்ள பெட்டியில் வைத்து, கம்பளி சுற்றி, ஜீப்பில் போடிக்குக் கொண்டு வந்தார்கள். குளிர்ந்த மலையிலிருந்து வெப்பமான ஊருக்கு இறங்கியதே மருத்துவத்தின் முதற்படி. அன்று பகலிலேயே ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம்.

அம்மருத்துவர் செய்ததை நான் அருகில் நின்று கண்டேன். வாயைப் பதமாகத் திறந்து, மூச்சுத் துளையைச் சுற்றிப் பார்த்தார். செதில்களின் இடுக்கிலும் தாடையின் கீழும் உண்ணி உண்டா என்று தேடினார். பாம்பின் உண்ணி கடுகிலும் சிறியது, கருநிறமானது. அது குருதியைக் குடிப்பதோடு, கிருமியையும் ஒரு பாம்பிலிருந்து மற்றொன்றுக்குச் சுமந்து செல்லும். பின்னர், தூய்மையான பஞ்சுக் குச்சியால் மூச்சுத் துளையிலிருந்து சளியை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது அந்த ஆய்வினால் தெரியும். அது தெரியுமுன் செஃப்டாசிடைம் என்னும் ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கினார். பாம்பின் உடல் அம்மருந்தை மெல்லவே வெளியேற்றுவதால், நாள்தோறும் போட வேண்டுவதில்லை. 72 மணி நேரத்திற்கு ஒரு முறை போடுவது வழக்கம். ஊசியை உடலின் முன்பாதியில் போட்டார். காரணம் கேட்டேன். பின்பாதியிலிருந்து வரும் குருதியில் ஒரு பகுதி சிறுநீரகத்தின் வழியாகச் செல்லும் அமைப்பு ஊர்வனவற்றிற்கு உண்டு. அங்கே போட்டால் மருந்து வீணாகலாம், சிறுநீரகத்திற்கும் தீங்கு நேரலாம் என்று விளக்கினார்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றையும் எழுதிக் கொடுத்தார். கூண்டின் ஒரு முனை 32 டிகிரி, மறு முனை 26 டிகிரி செல்சியஸ் அளவில் இரவும் பகலும் இருத்தல் வேண்டும். பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். வெப்பத்தைக் கையால் தொட்டு மதிப்பிடாமல் வெப்பமானியால் அளத்தல் வேண்டும். தரையில் மணலுக்கும் மரத்தூளுக்கும் பதிலாக வெள்ளைத்தாள் விரித்தால், சளி விழுந்தாலும் உண்ணி விழுந்தாலும் உடனே தெரியும். குடிநீரை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். மூச்சு சீராகும் வரை இரை ஊட்டலாகாது. தேவையின்றித் தூக்கவும் கூடாது.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. நம் வீட்டு அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரையைப் பொடி செய்து பாம்பின் வாயில் ஊற்றலாகாது. அது மூச்சுக் குழலுக்குள் சென்றுவிடும். நமக்குச் சளி பிடித்தால் செய்வது போல, கொதிநீர் ஆவியைக் காட்டலாகாது, பாம்பு வெந்துவிடும். மார்பில் தைலம் தடவுவதும் வேண்டா. குமிழி நின்றுவிட்டது என்று ஊசியை இடையில் நிறுத்தலாகாது. அடங்கிய கிருமி மீண்டும் எழும்போது அம்மருந்துக்கு அஞ்சாததாக எழும்.

அப்பெண் யாவற்றையும் முறை தவறாமல் செய்தாள். பத்தாம் நாளில் ஒலி குறைந்தது. ஆயினும் மருத்துவர் சொன்ன கணக்கு முடியும் வரை ஊசி தொடர்ந்தது. இரண்டு மாதம் சென்று, பாம்பு தானாகவே இரை எடுத்ததாகச் செய்தி வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு நான் நெடுநேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தேன். என் நினைவு அந்த வடக்கு மூலைத் தொட்டியிடம் சென்றிருந்தது.

எல்லா மூச்சு நோயும் இவ்வாறு தீர்ந்துவிடும் என்று நான் கூற மாட்டேன். வைரஸினால் வருபவையும் உண்டு. 1970-களில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாம்புப் பண்ணை ஒன்றில் ஒரு வைரஸ் புகுந்து, நச்சுப் பாம்புகள் பலவற்றை மூச்சுத் திணறச் செய்து கொன்றது. பந்துப் பாம்பின் நுரையீரலைத் தாக்கும் மற்றொரு வகை வைரஸ் 2014-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இவற்றைத் தீர்க்கும் மருந்து இல்லை. தடுத்தல் ஒன்றே வழி. ஆகையால், புதிதாக வந்த பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் தனியறையில் வைத்தல் வேண்டும். அதற்கெனத் தனிக் கிண்ணம், தனிக் கருவி வேண்டும். பழைய பாம்புகளைக் கவனித்த பின்னரே, கடைசியாகப் புதியதிடம் செல்லுதல் வேண்டும். சென்று வந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். கை கழுவுதல் பாம்புக்காக மட்டுமன்று. ஊர்வன உயிர்களிடம் சால்மொனெல்லா என்னும் கிருமி இருப்பதுண்டு. அது நமக்கு வயிற்று நோயைத் தரும்.

புதிதாகப் பிடித்த பாம்பைப் பேணும் முறைக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னைக்குத் தெற்கே, கடற்கரை ஓரமாக உள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பாம்புத் தோல் வணிகம் தடுக்கப்பட்டபின் பிழைப்பின்றி நின்ற இருளர் மக்களுக்கு, நச்சு முறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தரும் தொழில் அதனால் கிடைத்தது. பிடித்து வந்த பாம்புகளை அவர்கள் மண்பானையில் வைத்து, பானையின் வாயைத் துணியால் கட்டுகிறார்கள். தகர மூடி இல்லை, கண்ணாடி இல்லை. மண்ணும் துணியும் காற்றைத் தடுப்பதில்லை. வேடிக்கை பார்ப்போரின் கண்ணும் உள்ளே படுவதில்லை. மூன்று நான்கு வாரங்களில் சில முறை நஞ்சை எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். பாம்பை நெடுநாள் அடைத்து வைத்தால் அது நலியும் என்பதைப் பரம்பரையாக அறிந்தவர்கள் அவர்கள். அவ்வறிவைப் போற்றியே 2023-ஆம் ஆண்டில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இனிச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். நம் மலைச்சரிவில் காணும் மலைப்பாம்பு, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றது. அதைப் பிடிப்பதும் வீட்டில் அடைப்பதும் குற்றம். நான் 1988-இல் செய்ததும் பிழையே. அப்பொழுது அச்சட்டம் வந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. அறிவியல் ஆசிரியனாகிய நான் அதனை அறியாதிருந்தேன். அறியாமை எனக்கு வேண்டுமானால் ஆறுதலாகலாம். இறந்துபோன பாம்புக்கு அதனால் பயனில்லை. வெளிநாட்டுப் பாம்புகளுக்கும் இப்பொழுது ஒழுங்குமுறை வந்துவிட்டது. பன்னாட்டு உடன்படிக்கையில் அடங்கிய உயிர்களை வைத்திருப்போர், 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி அவற்றை அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். பதிவுச் சீட்டில்லாமல் மலிவாகக் கிடைக்கும் பாம்பு பெரும்பாலும் கடத்தல் பாம்பே. அதை வாங்குவோர், கடத்துவோனுக்கு அடுத்த பெட்டியை நிரப்பப் பணம் கொடுக்கிறார்கள்.

மலையோரத்து மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். சரிவில் மலைப்பாம்பைக் கண்டால் தொலைவில் நின்று பாருங்கள். எந்தப் பாறையில் படுக்கிறது, எந்நேரம் வெயிலுக்கு வருகிறது, எப்பொழுது நிழலுக்குத் திரும்புகிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். நான் தொட்டிக்குள் அடைத்து பதினோரு நாளில் கற்றதைக் காட்டிலும் மிகுதியாக நீங்கள் ஒரு காலைப் பொழுதில் கற்பீர்கள். வீட்டிற்குள் பாம்பு வந்துவிட்டால் அடிக்காதீர்கள், பிடிக்கவும் முயலாதீர்கள். வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ சொல்லி அனுப்புங்கள். விலங்கு மருத்துவத்தில் உங்களுக்கு நாட்டம் எழுமானால், 1903-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் தேனி மாவட்டத்திலேயே வீரபாண்டியில் 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லூரியும் இருக்கிறது. ஆடு மாடுகளுக்கு மருத்துவர் பலர் உளர்; ஊர்வன உயிர்களை அறிந்தவர் இன்னும் சிலரே.

உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் ஒன்று. வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, நாம் எதிர்பாராத ஒன்றைச் சொன்னால், சிரிப்பதற்கு முன் ஒரு முறை திரும்பித் தொட்டியைப் பாருங்கள். பாம்பு இருமாது, தன் நோயை வாய்விட்டுச் சொல்லாது. அதற்காகச் சொல்ல வந்தவன் ஒரு சிறுவன். அவன் பாட்டியின் மூச்சை அருகிலிருந்து கேட்டவன்; அதனால் பாம்பின் மூச்சும் அவனுக்குக் கேட்டது. நான் அவனை உட்கார வைத்துவிட்டேன்.

அவன் இப்பொழுது எங்கிருக்கிறானோ நான் அறியேன். இந்த வானொலிப் பேச்சு அவன் காதில் விழுமானால், அன்று அவன் கேட்ட கேள்விக்கு உரிய விடையை இன்றேனும் சொல்லி முடிக்கிறேன்: ஆம் தம்பி, பாம்புக்கும் இழுப்பு உண்டு. நீ சொன்னதே சரி.